முதல் பாதி அம்மா, மறுபாதி நான்

என் வீட்டுக்காரர் இப்போது ஓடப் பழகுகிறார். விடிகாலையில் கைத்தொலைபேசியைக் கையில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஓடு என்றால் ஓடுவார், நட என்றால் நடப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதையும் உடனே செய்யாத மனிதர், அவள் சொன்னதை அந்த நொடியே செய்கிறார். சர்க்கரை குறைந்தால் சரி என்று விட்டுவிடுவேன். ஆனால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் ஓடணும், கொஞ்சம் நடக்கணும், அப்புறம் நடைய கொறைச்சிக்கிட்டே வரணும், இதுதான் புது முறை” என்று எனக்கே பாடம் எடுக்கும்போதுதான் சிரிப்பு வந்துவிடும். அவர் சொல்லும் அந்தப் புது முறையில் நானும் அம்மாவும் எப்போதோ ஓடிவிட்டோம். எங்களுக்கு ஓடு, நட என்று சொன்னது செபமாலை.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். பள்ளியில் ஆண்டுதோறும் குறுக்கோட்டப் போட்டி நடக்கும். தண்ணீர்மலை பூங்காவுக்குப் போகிற சாலையில் ஓடி, மேட்டில் ஏறி, இறங்கித் திரும்பி வரவேண்டும். சொன்ன நேரத்துக்குள் வந்து சேர்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டை அவரவர் விளையாட்டு அணியான இல்லத்துக்குப் புள்ளி. நான் மஞ்சள் இல்லம்.

அதற்கு முந்திய வருடம் விசில் ஊதியதும் நான்தான் முன்னால் பாய்ந்தேன். முதல் வளைவுவரை என் முன்னால் யாரும் இல்லை. வளைவு தாண்டியதும் விலாவில் ஊசி குத்தியதுபோல் பிடித்துக்கொண்டது. சாலையோரக் கால்வாய்த் திட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. விளையாட்டு ஆசிரியர் தன் காரில் ஏற்றிவந்து முடிவுக்கோட்டருகில் இறக்கிவிட்டார். நான் இறங்கியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குக் கார் ராணி என்று பெயர். மறுவருடப் போட்டிக்குச் சில மாதம் இருக்கும்போதே, “இந்த வருஷம் எந்த கார், ராணி? மெர்சிடிஸா?” என்று தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு முதலாவதாக வரவேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. உட்காராமல், நடக்காமல், என் சொந்தக் காலில் அந்தக் கோட்டைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான்.

அம்மா பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தொழிற்சாலை பஸ் அவரை இறக்கிவிடும்போது வெயில் தாழ்ந்திருக்கும். வந்து குளித்து, சோற்றை அடுப்பில் வைத்ததும் செபமாலை. அதில் மாற்றமே கிடையாது. நான் அழுத அன்று அம்மா செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

“ஓடப் போனா செபமாலைக்கு நேரம் இல்ல. செபமாலை சொன்னா ஓட நேரம் இல்ல. ரெண்டையும் ஒண்ணா பண்ணிடுவோம்.”

“ஓடிக்கிட்டே செபம் பண்ணா பாவம் இல்லியாம்மா?”

“திருநாளுக்கு நடந்துக்கிட்டே சொல்றோம்ல, அது பாவமா? கொஞ்சம் வேகமா நடக்கிறோம்னு நெனச்சிக்கோ.”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செபமாலையில் ஐந்து பத்துகள் உண்டு. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு பரலோக மந்திரம், பிறகு பத்து முறை அருள்நிறை மந்திரம், முடிவில் ஒரு சிறு புகழ்ச்சி. ஒவ்வொரு மந்திரத்துக்கும் மாலையில் ஒரு மணியை உருட்டவேண்டும். இதில் அருள்நிறை மந்திரத்தை ஒருவரே முழுதாகச் சொல்வதில்லை. ஒருவர் ‘அருள் நிறைந்த மரியே’ என்று முதல் பாதியைச் சொல்வார். மற்றவர் ‘புனித மரியே’ என்று மறுபாதியைச் சொல்லி முடிப்பார். எங்கள் வீட்டில் எப்போதும் முதல் பாதி அம்மா, மறுபாதி நான்.

தொடங்குமுன் அன்றைய கருத்தை மனதில் வைக்கவேண்டும். அதாவது, இந்தச் செபமாலையை யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்பது. படிக்கட்டுக்குக் கீழே அம்மா கண்ணை மூடி உதட்டை அசைப்பார். என்ன கருத்து என்று நான் கேட்டதில்லை. ஓடப்போகிறவள் நான், வேறு என்ன கருத்து இருக்க முடியும்?

முதல் நாள் செபமாலையில் மூன்று மணிகளைத் தாண்டுவதற்குள் இருவருக்கும் மூச்சு முட்டிவிட்டது. அம்மாவுக்கும் ஓட்டம் புதிதுதானே. தொழிற்சாலைக் குடும்ப தினத்தில் கொடுத்த டீ-சட்டை, கழுத்தில் துண்டு, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கேன்வாஸ் காலணி. தூணைப் பிடித்துக்கொண்டு, “மாதாவே” என்றார். அது செபமா முனகலா என்று தெரியவில்லை.

அதன்பிறகு தானாக ஒரு முறை வந்தது. மூன்று மணி ஓட்டம், மீதி நடை. அது பழகியதும் ஒரு பத்து முழுக்க ஓட்டம், அடுத்த பத்து நடை. அப்புறம் எல்லாப் பத்தும் ஓட்டம், பரலோக மந்திரத்துக்கு மட்டும் நடை. எவ்வளவு வேகம் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. செபத்தின் சொற்கள் உடையாமல் வாயில் வந்தால் வேகம் சரி. ‘புனித’ என்று சொல்லி ‘மரியே’ என்பதற்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அம்மா முதல் பாதியைச் சொல்லும்போது எனக்கு மூச்சு விட நேரம். நான் மறுபாதியைச் சொல்லும்போது அம்மாவுக்கு. சீக்கிரம் முடியட்டும் என்று நான் சொற்களை விழுங்கினால் அம்மா விடமாட்டார்.

“மாதா என்ன பஸ்ஸா, வெரட்டிப் புடிக்க? நிறுத்திச் சொல்லு பாப்பா.”

எனக்கு ஒரே ஒரு குறை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஆற்றோரமாக நேரான பாதை ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் மரம், நிழல், மோட்டார் சைக்கிள் வராது. அம்மாவோ அதை விட்டுவிட்டு, கட்டடங்களைச் சுற்றிக் காப்பிக் கடை வாசல் வழியாகவே ஓடவைத்தார். வாளி, குப்பைத்தொட்டி, பொரித்த மீன் வாசம் எல்லாவற்றையும் தாண்டி ஓடவேண்டும்.

“ஆத்துப் பக்கம் போலாமேம்மா.”

“வேணாம். அங்க நாய் இருக்கு.”

நான் ஒருநாளும் அங்கே நாயைப் பார்த்ததில்லை. ஆனாலும் அம்மா சொன்னால் இருக்கும்.

அந்தக் காப்பிக் கடையில்தான் அப்பா இருப்பார். அவர் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிக் கடல் கடந்து வீடு வருவார், குளிப்பார். அம்மா ஆணியில் மாட்டியிருக்கும் செபமாலையில் கை வைத்தால் போதும், அப்பாவுக்குக் காப்பித் தாகம் எடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, மரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பூசை முடியும்வரை உள்ளே வரமாட்டார்.

முன்னே அப்படி இல்லை. திருநாளில் மாதா சுரூபத்தைத் தோளில் தூக்குகிறவர்களில் அப்பா முதல் ஆள். ஆனால் அப்பா நல்ல உயரம். மற்றவர்கள் அவர் தோளுக்குத்தான் வருவார்கள். ஒரு வருடம் ஊர்வலம் முழுக்க மாதா ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தார். பூச்சரம் வழுக்கி விழுந்தது. திருநாளுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில், “அடுத்த வருஷம் நீங்க முன்னால மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு வாங்கண்ணே” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா எழுந்து, “ஒயரமா பொறந்தது என் குத்தமா?” என்று கேட்டுவிட்டு வந்தவர்தான். அதற்குப் பிறகு கோயில் படி ஏறவில்லை. வீட்டில் செபத்துக்கும் உட்காரவில்லை. மாதாவோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். இதெல்லாம் பெரியவளான பிறகு காதில் விழுந்தவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்குக் காப்பி ரொம்பப் பிடிக்கும் என்பதுதான்.

நாங்கள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வாசலைத் தாண்டுவோம். அங்கே அப்பாவோடு உட்கார்ந்திருக்கும் எதிர்வீட்டு அண்ணன் முருக பக்தர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

“அண்ணே, ஒங்க வீட்டு மாதா ஊர்வலம் வருது, எழுந்திருங்கண்ணே!”

“வாயை மூடிக்கிட்டு காப்பியக் குடிலா!”

அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அவர் உயரத்துக்கு அந்தப் பேப்பர் எங்கே போதும்? நெற்றி மேலே தெரியும், முழங்கால் கீழே தெரியும். கடை முதலாளியான சீனத் தவுக்கே நாங்கள் போகும்போதெல்லாம் கட்டைவிரலைக் காட்டுவார். அம்மா எவர் பக்கமும் திரும்பமாட்டார். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்த வாசலுக்கு வரும்போது மட்டும் அம்மாவின் முதல் பாதி கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். சாலையில் இரைச்சல் அதிகம், எனக்குக் கேட்கவேண்டுமே என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து நானும் கத்தினேன்.

வாரங்கள் போகப் போக ஓட்டம் நீண்டது. பரலோக மந்திரத்தையும் ஓடிக்கொண்டே சொல்ல வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் மட்டும் நீள ஓட்டம். செபமாலை முடிந்தும் நிற்காமல் மாதா மன்றாட்டு மாலையையும் சேர்த்துக்கொள்வோம். அதில் அம்மா ஒவ்வொரு புகழாகச் சொல்லிக்கொண்டே போவார், எனக்கு ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்ற ஒரே பதில். என்ன சுகம் தெரியுமா! வானம் சிவந்திருக்கும், வியர்வையில் காற்று படும், கால்கள் என்னுடையவை மாதிரியே இருக்காது. யாரோ தள்ளிக்கொண்டு போவதுபோல் இருக்கும். ஒருநாள் முழுதும் முடித்துவிட்டு நானும் அம்மாவும் படிக்கட்டில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் சிரித்தோம். சோறு அடிப்பிடித்திருந்தது. அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

அந்த நாட்களில் அப்பா பேப்பரைத் தூக்குவதை விட்டுவிட்டிருந்தார். நாங்கள் கடந்துபோகும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மேசையில் தட்டிக்கொண்டிருப்பார். ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. பஸ் ஏறுமுன் என் நெற்றியில் சிலுவை போட்டு, “மொத பாதியையும் நீயே மனசுக்குள்ள சொல்லிக்கோ” என்றார். அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் தண்ணீர்மலைக்குக் கூட்டிப்போனார். என்னை இறக்கிவிட்டுவிட்டு, மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்.

விசில் ஊதினார்கள். எல்லாரும் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்துவிட்டேன். இத்தனை மாதம் பழகியது ஒரு விசிலில் பறந்துபோனது. வளைவு வந்தபோது நெஞ்சு அடைத்தது. அப்போதுதான் செபம் நினைவுக்கு வந்தது. வேகத்தைக் குறைத்து முதல் பாதியைச் சொன்னேன், மறுபாதியையும் சொன்னேன். சரிப்படவில்லை. இரண்டும் என் மூச்சிலேயே போனால் நான் எப்போது மூச்சு விடுவது? அம்மாவின் குரல் இல்லாமல் மறுபாதி நொண்டியது. விலாவில் அந்தப் பழைய ஊசி மெல்ல ஏறியது. பின்னாலிருந்து யாரோ, “ராணி, கார் வந்துக்கிட்டிருக்கு!” என்று கத்தினார்கள்.

விலாவைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்ற இடத்துக்கு வந்தேன். அவர் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அதில் ஏறிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு சாலையில் இறங்கி என் பக்கத்தில் ஓட ஆரம்பித்தார். ஹெல்மெட்டைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை. நாலைந்து அடி சும்மா ஓடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அருள் நிறைந்த மரியே...”

வாய் தானாகத் திறந்து மறுபாதியைச் சொன்னேன்.

அப்படியே அம்மாவின் வேகம். எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார், எல்லாம் அப்படியே. அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எனக்கு என் முதல் பாதி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அவர் சொல்லும்போது நான் மூச்சு விட்டேன், நான் சொல்லும்போது அவர் மூச்சு வாங்கினார். அவர் ரொம்பவே வாங்கினார். விலாவில் இருந்த ஊசி ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

மேட்டடியில் நின்ற விளையாட்டு ஆசிரியர் ஓடிவந்தார். “சார், சார்! பெற்றோர் கூட ஓடக்கூடாது சார்!”

“நான் எங்க சார் ஓடறேன்? செபம் பண்றேன் சார்!”

ஆசிரியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மரத்திலிருந்த குரங்குகள்கூட எட்டிப் பார்த்தன.

மேட்டில் பாதி ஏறியதும் அப்பாவின் சொற்கள் உடைய ஆரம்பித்தன. பாவம், அவர் காப்பிக் கடை நாற்காலியிலிருந்து நேரே வந்தவர்தானே. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன்.

“நிக்காத பாப்பா! போ! நான் இங்கிருந்து சொல்றேன்!”

சொன்னார். நான் தூரம் போகப் போக, அதற்கேற்ற மாதிரி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே சொன்னார். தண்ணீர்மலை முழுக்க அருள்நிறை மந்திரம் எதிரொலித்தது. காலைநடைக்கு வந்த சீனப் பாட்டிகள் நின்று பார்த்தார்கள். நான் மேலேயிருந்து மறுபாதியைக் கத்தினேன், அவர் கீழேயிருந்து முதல் பாதியைக் கத்தினார். மேட்டைத் தாண்டி இறக்கத்தில் போனபோது அவர் குரல் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதே வேகத்தில் போனேன். ஆரம்பத்தில் பாய்ந்துபோனவர்களில் சிலர் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். ‘புனித மரியே’ என்று சொல்லியபடியே அவர்களைத் தாண்டினேன்.

முதலாவதாகவெல்லாம் வரவில்லை, நடுவில் எங்கோ வந்தேன். ஆனால் உட்காரவில்லை, நடக்கவில்லை, கையில் அட்டை கொடுத்தார்கள். அப்பா ஹெல்மெட்டோடு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழியில் துருவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். குழந்தை மாதிரி வழித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்துக்கு நானே ஓடிப்போய் நின்றேன். அம்மா இறங்குவதற்குள் அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“நடக்கல?”

“நடக்கல!”

“ஒக்காரல?”

“ஒக்காரலம்மா!”

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். “பாத்தியா, நான் சொன்னேன்ல. மொத பாதிய மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டியா?”

“இல்லம்மா. அப்பா சொன்னாரு.”

அம்மா கையை எடுத்தார். “எந்த அப்பா?”

“எந்த அப்பாவா? நம்ம அப்பாதான்!”

“வாயத் தொறந்தா? சத்தமாவா?”

“தண்ணீர்மல முழுக்க கேட்டுச்சும்மா. குரங்குகூட பாத்துச்சு.”

பஸ் போய்விட்டது. அம்மா நிறுத்தத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்த மாதிரி இருந்தது. இத்தனை மாதம் கூடவே ஓடிய அம்மாவுக்கு, நான் நடுவில் வந்ததுதான் மனவருத்தம். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“அழாதீங்கம்மா. அடுத்த வருஷம் கண்டிப்பா மொதலாவதா வந்துடறேன்.”

அம்மா துண்டை எடுத்தார். அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்தார். “வந்துடுவே பாப்பா” என்றார்.

வாக்குக் கொடுத்தாயிற்று. அதனால் திங்கட்கிழமையே மறுபடி தொடங்கிவிட்டேன். அம்மாவும் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நான் வழக்கம்போலக் காப்பிக் கடைப் பக்கம் திரும்பினேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“இன்னிலேந்து ஆத்துப் பக்கம் போலாம்.”

“நாய் இருக்குன்னீங்களே?”

“போயிருக்கும்.”

ஆற்றோரப் பாதை நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. நேராக, நிழலாக, காற்றோட்டமாக. அம்மா முதல் பாதியைச் சொன்னார், நான் மறுபாதியைச் சொன்னேன். என்னோடு சேர்ந்து, கொஞ்சம் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு குரலும் மறுபாதியைச் சொன்னது. இவ்வளவு நல்ல பாதை இருக்கும்போது இத்தனை மாதமாக எதற்கு அந்தக் காப்பிக் கடையையே சுற்றிச் சுற்றி வந்தோம் என்று யோசித்துக்கொண்டே, செருப்புச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்த அப்பாவுக்காக நான் வேகத்தைக் குறைத்தேன்.